ஆபிரகாமின் உடன்படிக்கையை வாசிக்கும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

கடவுள் ஆபிரகாமுக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று கேட்டால் ஒரே மூச்சில் பதில் வரும்: சந்ததி, தேசம், ஆசீர்வாதம். பதில் சரிதான். ஆனால் எல்லாம் ஒரே நாளில் பேசி முடித்ததுபோல நினைத்துக்கொள்கிறோம். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் ஆரான் என்ற ஊரை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு 75 வயது. பெயர் இன்னும் ஆபிராம். ஆபிரகாம் என்ற பெயரும் விருத்தசேதனம் (ஆணின் நுனித்தோலை நீக்குவது) என்ற அடையாளமும் 17ஆம் அதிகாரத்தில், 99 வயதில்தான் வருகின்றன. இந்த 24 வருஷக் காத்திருப்பை விட்டுவிட்டால், பிள்ளையில்லாத அவர் மனைவி சாராய் தன் வேலைக்காரி ஆகாரை ஏன் கணவரிடம் கொடுத்தார் என்பது பிடிபடாது.

இன்னொரு சறுக்கல் தமிழில் வாசிப்பவர்களுக்கே உரியது. பழைய மொழிபெயர்ப்பில் ‘உன்னைப் பெரிய ஜாதியாக்கி’ என்று வருகிறதே, அந்த ஜாதி நம் ஊர்ச் சாதி இல்லை. ஒரு பெரிய மக்களினம் என்று பொருள். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனத்தை எடுத்துக்கொள்பவர்கள் அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்கலாம். பூமியின் வம்சங்களெல்லாம் அவருக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்பதில்தான் அந்தப் பேச்சு போய் முடிகிறது.

அதிகம் பேர் வேகமாகத் தாண்டிப்போவது 15ஆம் அதிகாரத்தை. மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் இரண்டாகப் பிளந்து, துண்டுகளை எதிரெதிரே வைக்கிறார் ஆபிராம். என்ன கோரமான சடங்கு என்று தோன்றும். எபிரெய மொழியில் உடன்படிக்கையை ‘வெட்டுவது’ என்றே சொல்வார்கள். துண்டுகளின் நடுவே நடப்பவர், வாக்கு மீறினால் தனக்கும் இந்தக் கதி என்று ஏற்றுக்கொள்கிறார். பைபிளின் எரேமியா புத்தகம் 34ஆம் அதிகாரத்தில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. அப்படியானால் இங்கே நடந்தது யார்? ஆபிராம் இல்லை. பிணங்களின்மேல் இறங்கிய பறவைகளைத் துரத்தியதோடு அவர் வேலை முடிந்தது. பிறகு அயர்ந்த தூக்கம். கடவுளின் அடையாளமாகப் புகைகிற சூளையும் அக்கினிச் சுவாலையும் மட்டுமே நடுவே கடந்தன. ‘நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன்’ என்ற பேரமாக இதை விளக்குபவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

சரி, அப்போது மனிதருக்குக் கடமையே இல்லையா? அப்படியும் இல்லை. 17ஆம் அதிகாரத்தில், விருத்தசேதனம் செய்துகொள்ளாதவன் தன் ஜனத்திலிருந்து அறுப்புண்டுபோவான் என்கிறது. இரண்டு அதிகாரங்களையும் அதனதன் தொனியில் வாசிக்க வேண்டும்.

ஆகாருக்குப் பிறந்த மகன் இஸ்மவேலைச் சபிக்கப்பட்டவராகப் பேசுவதும் பிழை. உடன்படிக்கை சாராய்க்குப் பிறந்த ஈசாக்கின் வழியாகப் போகிறது, உண்மை. ஆனால் பன்னிரண்டு பிரபுக்கள், பெரிய ஜாதி என்று இஸ்மவேலுக்கும் வாக்கு உண்டு. ஈசாக்கு பிறக்குமுன்பே, 13 வயதில் விருத்தசேதன அடையாளத்தைப் பெற்றவரும் அவர்தான்.

அப்புறம் தேசம். எகிப்தின் நதி முதல் ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி வரை என்று சொல்லப்பட்டதை ஆபிரகாமே ஆண்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். சாராள் (சாராயின் புதுப் பெயர்) இறந்தபோது அடக்கம் செய்யச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் அவரிடம் இல்லை. நிலத்தின் சொந்தக்காரர் எப்பெரோன் சும்மாவே தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையையும் அதன் நிலத்தையும் வாங்கினார். பிற்பாடு 175 வயதில் அவரையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள், ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து.