பழைய பாய்மரப் படகில் ஹால்யார்டு வின்ச் பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு படகின் பாயை ஏற்றும் ஹால்யார்டு கயிறு வெறும் கைக்கு அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள், காற்று வலுத்த ஒரு நாளில் பாயின் முன்விளிம்பு சுருக்கம் விழுந்து தொங்குவதைப் பார்த்த பிறகுதான், கைப்பிடியால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சை வாங்கப் புறப்படுகிறார்கள். 1960களிலும் 70களிலும் கட்டப்பட்ட, 6 முதல் 8 மீட்டர் நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில் ஹால்யார்டுக்கென வின்ச் இருப்பதில்லை. அப்படியே இருந்தாலும், பாய்மரத்தின் அடிப்பகுதியில் தேய்ந்துபோன ஒன்று பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்றைப் பொருத்துவது கடினமான வேலையன்று. ஆயினும் புதியவர்கள் அந்த வேலையில் இறங்குவதை அருகிலிருந்து பார்க்கும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை ஏறத்தாழ அதே வரிசையில் அவர்களும் செய்வதைக் காண்கிறேன். தவறான இடத்தில் துளையிடுவது, வின்ச்சைப் பிரிக்கும்போது ஸ்பிரிங்கைத் தண்ணீருக்குள் பறக்கவிடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு முறை நடந்தாலே போதும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேவைக்கு மீறிய வின்ச்

வின்ச்சின் பெயரோடு வரும் 6, 8, 16 போன்ற எண்கள் பெரும்பாலும் அதன் திறன் விகிதத்தை ஒட்டியவை. இடையில் பற்சக்கர மாற்றம் இல்லாத எளிய வின்ச்சில், கைப்பிடியின் நீளத்தை உருளையின் ஆரத்தால் வகுத்தால் இந்த விகிதம் கிடைத்துவிடும். 10 அங்குலக் கைப்பிடி 254 மி.மீ. நீளம்; உருளையின் விட்டம் 64 மி.மீ. என்றால் ஆரம் 32 மி.மீ.; விகிதம் ஏறத்தாழ 8. அதாவது கையால் 15 கிலோ அளவுக்கு அழுத்தினால், உராய்வில் போவதைக் கழிப்பதற்கு முன், கயிற்றில் 120 கிலோ இழுவிசை உண்டாகிறது. 7 மீட்டர் படகின் பெரிய பாய்க்கு இதற்கு மேல் தேவைப்படுவது அரிது. அதே வின்ச்சில் 8 அங்குலக் கைப்பிடியைப் போட்டால் விகிதம் 6 சொச்சமாகக் குறைந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பெரிய வின்ச் வாங்குவதால் பணம் மட்டும் வீணாவதில்லை. சிக்கிக்கொண்ட பாயை ‘இன்னும் கொஞ்சம்’ என்று சுற்றும்போது, எதிர்ப்பு கைக்குத் தெரியாமலே பாயின் மேல்மூலை கிழிந்துவிடும். பழைய வின்ச்சுகளைத் தேடி வாங்குகிறவர்கள் உருளையின் சொரசொரப்பு வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பேரியண்ட், பார்லோ போன்ற பெயர்கள் பொறித்த வின்ச்சுகள் உறுதியானவைதான். ஆனால் அவற்றைச் செய்தவர்கள் இப்போது அத்தொழிலில் இல்லை. உதிரி பாகம் கிடைக்கும் வழியை உறுதிசெய்துகொண்ட பிறகு வாங்குங்கள்.

கயிறு வந்து சேரும் வழி

ஹால்யார்டைப் பாய்மரத்தின் அடியிலிருந்து கேபின் கூரையின் வழியாக, படகை ஓட்டுவோர் அமரும் காக்பிட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள், கயிறு நழுவாமல் கவ்விப் பிடிக்கும் கிளட்ச்சுக்கு நேர் பின்னால் வின்ச்சின் மையத்தை வைத்துத் துளையிடுகிறார்கள். இங்கே இரண்டு பிழைகள் ஒன்றாகச் சேர்கின்றன. வின்ச்சின் உருளை மேலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாக மட்டுமே சுற்றும். எனவே படகின் முன்புறத்தை நோக்கி நிற்பவருக்குக் கயிறு உருளையின் வலப்பக்கத்தைத்தான் முதலில் தொட வேண்டும். கிளட்ச்சுக்கு நேராக வர வேண்டியது உருளையின் வலப்பக்க விளிம்பேயன்றி அதன் மையம் அன்று. இரண்டு மூன்று கிளட்ச்சுகளுக்கு ஒரே வின்ச் என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூலைக் கட்டி உருளையைச் சுற்றி இழுத்துப் பார்த்துவிட்டு இடத்தைக் குறிப்பது நல்லது.

இரண்டாவது பிழை உயரத்தைப் பற்றியது. கயிறு உருளையின் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழிருந்து மேலேறி வர வேண்டும்; 3 முதல் 8 பாகை வரை என்பது பொதுவான கணக்கு. 30 செ.மீ. தொலைவில் 2.6 செ.மீ. மேலேறினால் அது ஏறத்தாழ 5 பாகை. கயிறு கிடைமட்டமாகவோ மேலிருந்து இறங்கியோ வந்தால், புதிய சுற்று பழைய சுற்றின் மேல் ஏறி அதை அழுத்திப் பூட்டிவிடும். அப்படிப் பூட்டிக்கொண்ட ஹால்யார்டைப் பாயை உடனே இறக்க வேண்டிய வேளையில் அவிழ்க்க முடியாது. வளைந்த கூரையின் மேல் வின்ச்சை அப்படியே அமர்த்தினால் இந்தக் கோணம் தானாக அமையாது. அடியில் ஓர் ஆப்பு வடிவத் திண்டை வைத்து, உருளையின் தலைப்பகுதி கயிறு வரும் திசைக்கு எதிர்ப்புறம் சற்றே சாயும்படி செய்ய வேண்டும். திண்டின் தடித்த பக்கம் கிளட்ச்சை நோக்கி இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் திண்டைத் திருப்பி வைக்காமல் கயிற்றை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கைப்பிடி முழு வட்டம் சுற்றுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

உள்ளடுக்கைத் திறந்தபடி விடுவது

இந்த ஒரு தவறைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. மற்ற பிழைகளைத் திருத்த ஒரு பிற்பகல் போதும். இதைத் திருத்தப் படகின் கூரையையே அறுக்க வேண்டியிருக்கும்.

பழைய ஃபைபர்கிளாஸ் படகுகளின் மேல்தளமும் கேபின் கூரையும் பெரும்பாலும் ஒரே கெட்டியான தகடு அல்ல. மேலே ஒரு மெல்லிய அடுக்கு, கீழே ஒரு மெல்லிய அடுக்கு, இடையில் பால்சா மரக் கட்டைகளோ ஒட்டுப்பலகையோ கொண்ட உள்ளடுக்கு என்று அது அமைந்திருக்கும். எடை குறைவாகவும் விறைப்பு மிகுதியாகவும் இருப்பதற்கு இந்த அமைப்பே காரணம். அதில் ஒரு போல்ட் துளையிட்டால், மரத்தின் வெட்டுமுகம் வெளிக்காற்றுக்குத் திறந்துவிடுகிறது. ஒரு வின்ச்சுக்கு நான்கைந்து துளைகள். கிளட்ச்சுக்கும் கப்பிகளுக்கும் சேர்த்தால் இன்னும் பல. அத்தனை துளைகளிலும், நீர் புகாமல் அடைக்கும் பசையான சீலன்டைத் தாராளமாகப் பிழிந்துவிட்டு, வேலை முடிந்தது என்று கைகழுவுகிறார்கள்.

சீலன்ட் என்றாவது ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். ஹால்யார்டு இழுபடும் ஒவ்வொரு முறையும் வின்ச் இம்மியளவு அசைகிறது. வெயிலில் உலோகம் ஒரு விதமாகவும் ஃபைபர்கிளாஸ் வேறு விதமாகவும் விரிகின்றன. ஆகவே சீலன்ட் தோற்கும் நாளில் தண்ணீர் எங்கே போகும் என்பதைத்தான் துளையிடும்போதே முடிவுசெய்ய வேண்டும். துளையின் சுவர் கெட்டியான எபாக்ஸியாக (இரு கூறுகளைக் கலந்தால் இறுகும் பிசின்) இருந்தால் தண்ணீர் கேபினுக்குள் சொட்டும். எரிச்சல் தரும், ஆனால் கண்ணுக்குத் தெரியும். துளையின் சுவர் மரமாக இருந்தால் அது ஒரு சொட்டுகூடக் கீழே விடாமல் தானே குடித்துக்கொள்ளும். பால்சாவின் நார்கள் செங்குத்தாக நிற்பதால் நீர் பக்கவாட்டில் பரவாது என்று ஆறுதல் சொல்வார்கள். நார்களைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மைதான். ஆனால் வளைவுக்கு ஏற்ப மடங்க வேண்டும் என்பதற்காகச் சிறு கட்டைகளாக நறுக்கப்பட்ட பால்சாவின் இடைவெளிகள் பழைய படகுகளில் பிசினால் முழுமையாக நிரம்பியிருப்பதில்லை; நீருக்கு அவை வாய்க்கால்கள். ஒட்டுப்பலகையில் நிலைமை இன்னும் மோசம்.

நான் அறிந்த படகு உரிமையாளர் ஒருவர் தம் கேபின் கூரையில் இரண்டு வின்ச்சுகளைக் கண்ணுக்கு அழகாகப் பொருத்தினார். சில காலத்துக்குப் பிறகு படுக்கையின் மேல் ஒரு போல்ட்டிலிருந்து நீர் கசிந்தது. அவர் நட்டை இறுக்கினார், கசிவு நின்றது. மறுபடி கசிந்தது, மறுபடி இறுக்கினார். இந்த இறுக்குதல்தான் எனக்குப் பொறுக்க முடியாதது. ஊறி மென்மையான உள்ளடுக்கை வாஷர் கீழிருந்தும் வின்ச் மேலிருந்தும் நசுக்க, இரண்டு அடுக்குகளும் உள்வாங்கி, வின்ச்சைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் பள்ளம் உண்டாகிறது. ஒவ்வொரு திருகலும் கசிவைத் தள்ளிப்போட்டது, அழுகலை வளர்த்தது. கடைசியில் வின்ச்சைக் கழற்றியபோது துளையிலிருந்து பழுப்பு நீர் வழிந்தது. கூரையைத் தட்டிக்கொண்டே போனோம். வின்ச்சிலிருந்து கூரைக்கதவு வரை மந்தமான ஒலியே கேட்டது. மேலடுக்கை அறுத்தெடுத்து, நனைந்த மரத்தூளாகிவிட்டிருந்ததைச் சுரண்டி, புதிய பால்சாவைப் பதித்து, மீண்டும் ஃபைபர்கிளாஸ் இட்டு, சாயம் பூசி முடித்தபோது ஆன செலவு வின்ச்சுகளின் விலையைப் போலப் பல மடங்கு.

செய்ய வேண்டிய முறை எளிது. 6 மி.மீ. போல்ட்டுக்கு, மேலடுக்கையும் உள்ளடுக்கையும் மட்டும் 12 மி.மீ. அளவுக்குத் துளைத்து, கீழடுக்கைத் தொடாமல் விடுங்கள். டிரில் பிட்டில் ஒட்டிவரும் தூளைப் பாருங்கள்: வெளிறிய உலர்ந்த தூள் நல்ல மரம், கருத்து ஈரமாக வந்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அழுகலின் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். தூள் நன்றாக இருந்தால், முதலில் பொடி எதுவும் சேர்க்காத எபாக்ஸியைத் துளைச் சுவர் குடிக்கும்படி தடவி, பிறகு கொலாய்டல் சிலிக்காப் பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்புங்கள். எடை குறைவு என்று நுண்கோளப் பொடியைக் கலக்காதீர்கள். அது அழுத்தத்தைத் தாங்காது. முழுவதும் இறுகிய பிறகு அந்த எபாக்ஸித் தூணின் நடுவில் போல்ட்டுக்கான துளையை இடுங்கள். இப்போது போல்ட்டின் அழுத்தத்தைத் தாங்குவதும் நீரைத் தடுப்பதும் அந்தத் தூண்தான். சீலன்ட் அதற்குத் துணை.

துளையின் மேல்வாயைச் சற்றே சாய்வாக அகட்டினால், ப்யூட்டில் டேப் (பிசையக்கூடிய மென்மையான சீலன்ட் நாடா) அங்கே வளையமாக அமர்ந்து போல்ட்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் கீழிருந்து திருக வேண்டும். தலையைத் திருகினால் போட்ட டேப் அறுந்துவிடும். ப்யூட்டில் மெதுவாகப் பிதுங்குவதால் ஒரே மூச்சில் இறுக்காமல் சில நாள் இடைவெளி விட்டு இறுக்குங்கள். சிலிக்கான் வேண்டாம்: அது விட்டுச்செல்லும் படலத்தின் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேனும் வேண்டாம்: வின்ச்சைக் கழற்றும் நாளில் படகின் மேற்பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

அடித்தகடு

வெறும் வாஷர்கள் போதா. வின்ச்சின் அடிப்பகுதியைவிட அகலமான தகடு ஒன்று கீழே வேண்டும், 6 மி.மீ. கண்ணாடியிழைத் தகடு மிக நன்று. பழைய படகுகளின் கீழடுக்கு மேடு பள்ளமாக இருக்கும் என்பதால், தகட்டைக் கெட்டி எபாக்ஸியில் பதித்து அமர்த்துங்கள். பிறகு அந்த நட்டுகளைக் கூரையின் உட்பூச்சுப் பலகையால் நிரந்தரமாக மூடிவிடாதீர்கள்.

மேல்தளத்தைத் தூக்கும் கப்பிகள்

பாய்மரத்தின் அடியில் கயிறு 90 பாகை திரும்பும்போது, கப்பியில் விழும் சுமை கயிற்றின் இழுவிசையைப் போல 1.41 மடங்கு. 150 கிலோ இழுவிசை என்றால் சுமார் 210 கிலோ. அதில் 150 கிலோ நேராக மேல்நோக்கி இழுக்கிறது. கப்பியை மேல்தளத்தில் திருகினால், வின்ச்சைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் மேல்தளத்தைத் தூக்குகிறீர்கள். கப்பியைப் பாய்மரத்திலோ, அதன் அடித்தாங்கியிலோ இணைத்தால் அந்த மேல்விசையைப் பாய்மரத்தின் கீழ்நோக்கிய அழுத்தமே ஈடுசெய்துவிடும்.

பாய்மரத்திலேயே பொருத்துவோருக்கு

இந்த வழியில் உள்ளடுக்குத் தொல்லை இல்லை. மாறாக உலோகத் தொல்லை உண்டு. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் வெண்கல வின்ச்சும் உப்புநீரில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியமே. வின்ச்சுக்கும் பாய்மரத்துக்கும் இடையே நைலான் திண்டும், திருகுகளில் துத்தநாக அல்லது பேரியம் குரோமேட் பசை போன்ற தடுப்புப் பூச்சும் இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள். பாய்மரத்தின் சுவர் 3 மி.மீ. தடிமன் என்றால், 6 மி.மீ. போல்ட்டுக்கு அதில் மூன்று புரிகள்தான் கிடைக்கும். நயமான வேலை என்று அதை நம்பிவிட வேண்டாம். முடிந்தால் வளைவுக்கு ஏற்ற தாங்கியைப் பயன்படுத்தி, துளைகளை ஒரே உயரத்தில் வரிசையாக இடாமல் ஏற்ற இறக்கமாக இடுங்கள்.

கம்பி சுற்றும் பழைய வின்ச்

எஃகுக் கம்பியைத் தன்னுள் சுற்றிக்கொள்ளும் பிரேக் வகை வின்ச் இருந்தால், கழற்றிவிடுங்கள். பிரேக் நழுவினால் சுழலும் கைப்பிடி கையை முறிக்கும்.

வடிகால்

வின்ச்சின் அடியிலுள்ள வடிகால் துளையைச் சீலன்டால் அடைக்காதீர்கள்.

கிரீஸ்

பற்சக்கரங்களுக்கு மெல்லிய பூச்சு போதும். உருளை பின்னோக்கிச் சுழலாமல் பிடிக்கும் தடுப்பு நாக்குகளுக்கு மெல்லிய எண்ணெய் மட்டுமே. கிரீஸ் பட்டால் அவை ஒட்டிக்கொண்டு, சுமையோடு கைப்பிடி பின்னோக்கிச் சுழலும்.

உச்சிக் கப்பியை மறப்பது

கம்பி ஹால்யார்டோடு பிறந்த படகில், பாய்மர உச்சியிலுள்ள கப்பியின் பள்ளம் கம்பிக்கேற்ற குறுகிய வடிவில் இருக்கும். அதில் தடித்த கயிற்றை ஓட்டினால், கயிறு பள்ளத்தின் இரு பக்கங்களிலும் உரசும். சில வேளை கப்பிக்கும் அதன் பக்கத்தகட்டுக்கும் இடையே இறங்கிச் சிக்கும். வின்ச் வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணமே இதுவாக இருக்கலாம். வாங்குவதற்கு முன், பாயைக் கழற்றிவிட்டு, ஹால்யார்டின் முனையில் கீழே இழுத்துக்கொள்ள ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, மேலும் கீழும் கையால் ஓட்டிப் பாருங்கள். வெறும் கயிறே கனத்தால், வின்ச்சுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் உச்சிக் கப்பிக்குச் செலவிடுங்கள்.