நார்கோலெப்சி: சோம்பல் என்று ஒதுக்கிவிடுவதில் தொடங்கும் தவறுகள்

தோழி ஒரு ஜோக் சொல்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு மட்டும், சிரிப்பு கிளம்பிய கணத்திலேயே தாடை தொங்குகிறது, இமை சரிகிறது, முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். சுற்றிலும் பேசுவது அத்தனையும் காதில் விழுகிறது. பதில் சொல்லத்தான் முடியவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எழுந்தும்விடுகிறாள். வீட்டில் இதை வலிப்பு என்கிறார்கள், இல்லையென்றால் நடிப்பு என்கிறார்கள். இதன் பெயர் கேடப்ளெக்சி. பகலில் அடக்க முடியாத தூக்கமும் இதுவும் சேர்ந்து வந்தால் நார்கோலெப்சி என்ற மூளை சார்ந்த தூக்க நோயின் முதல் வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தூக்கத்தை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சிரித்தால் விழுவதைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு. பலருக்கு நோயைக் கண்டுபிடிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆகிறது. முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

சோம்பல் என்று திட்டுவது அநியாயம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சில பத்தாயிரம் செல்கள் மட்டுமே ஹைப்போக்ரெடின் என்னும் விழிப்பு ரசாயனத்தைச் சுரக்கின்றன. இந்த நோயாளிகளின் மூளையில் அவை பெரும்பாலும் அழிந்துபோயிருப்பது 2000-இல் தெரியவந்தது. அழிப்பது யார்? உடலின் சொந்தக் காவல்படையான டி செல்கள் மீதுதான் சந்தேகம். ஹைப்போக்ரெடினையே குறிவைக்கும் டி செல்கள் நோயாளிகளிடம் இருப்பதை 2018-இல் காட்டினார்கள். சந்தேகம் மிக வலுவானது. கையும் களவுமாகத்தான் இன்னும் பிடிபடவில்லை.

மரபணுவைப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். முதல் வகை நோயாளிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோரிடம் எச்.எல்.ஏ. டிக்யூபி1*06:02 என்ற மரபணு வகை உண்டு. ஆனால் நோயே இல்லாத ஏராளமானோரிடமும் அது இருக்கிறது. ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவதும் உண்டு.

தடுப்பூசி பற்றிய பயத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2009-10 பன்றிக்காய்ச்சலின்போது பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகளிடையே பின்லாந்திலும் ஸ்வீடனிலும் நார்கோலெப்சி கூடியது உண்மை. அதே காலத்தில் சீனாவிலும் கூடியது. அங்கே பெரும்பாலோர் தடுப்பூசியே போடாதவர்கள். வைரஸ் தொற்றே தூண்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதக் காரணம் இதுதான். அந்தத் தடுப்பூசி இப்போது புழக்கத்தில் இல்லை. அதைக் காட்டி எல்லாத் தடுப்பூசியையும் ஒதுக்குவது தவறு.

"எதிர்ப்பு சக்தி" கூட்டும் மாத்திரைகளாலும் பயனில்லை. இங்கே கோளாறு எதிர்ப்பு சக்திக் குறைவு அல்ல. எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் எல்லாம் கொடுத்துப் பார்த்தும் உறுதியான பலன் கிடைக்கவில்லை. அறிகுறி தெரியும்போதே பெரும்பாலான செல்கள் போய்விட்டிருக்கும்.

இன்னொன்று, கேடப்ளெக்சியைக் கட்டுப்படுத்தவும் கொடுக்கப்படும் மனச்சோர்வு மாத்திரை. தூக்க ஆய்வின் முடிவை அது மறைத்துவிடக்கூடும் என்பதால், பரிசோதனைக்கு முன் நிறுத்தச் சொல்வதுண்டு. நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் கேடப்ளெக்சி அடுக்கடுக்காக வரும். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.