அலமாரியில் எத்தனை லென்ஸ்? ஒரு ஸ்டாக் ஆடிட்டரின் வழிமுறை

என் தொழில் ஸ்டாக் ஆடிட். கம்பெனி குடோனுக்குப் போய், புத்தகத்தில் 400 பேரிங் என்று எழுதியிருந்தால் ரேக்கில் 400 இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற வேலை. 18 வருடமாக ஊரார் சரக்கை எண்ணியவன், என் வீட்டு அலமாரியை ஒரு தடவைகூட எண்ணியதில்லை. 2022 தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது மனைவி கேட்டாள். "ஏங்க, உங்ககிட்ட மொத்தம் எத்தனை லென்ஸ் இருக்கு?"

ஏழு என்றேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். 11 வந்தது. அதில் ஒன்று உறை பிரிக்காத ஃபில்டரோடு இருந்தது. அதை எப்போது வாங்கினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

இந்த வியாதிக்கு வெளிநாட்டுக்காரர்கள் 'கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுருக்கினால் 'கேஸ்'. முதலில் கிடார் வாசிப்பவர்கள் தங்களையே கேலி செய்துகொள்ள உண்டாக்கிய சொல் அது. கேமராக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வயிற்றுக் கேஸுக்கு ஓமவாட்டர் இருக்கிறது. இந்தக் கேஸுக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஸ்டாக் எடுப்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும்.

எண்ணுவது

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பையில் இருப்பது, கேமராவில் மாட்டியிருப்பது, ஆபீஸ் டிராயரில் கிடப்பது எல்லாம். குடோனில் நாங்கள் செய்கிற மாதிரி, பொருளைக் கையில் எடுத்த பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும், ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. பெயர், சீரியல் நம்பர், வாங்கிய வருடம், கொடுத்த விலை. அடாப்டர் (வேறு வகை லென்ஸைக் கேமராவில் பொருத்தும் வளையம்), ஃபில்டர், ஹூட் விலையையும் அந்தந்த லென்ஸோடு சேர்த்துவிடுங்கள். கடைசியில் ஒரு பத்தியைக் காலியாக விடுங்கள், அது எதற்கென்று பிறகு சொல்கிறேன். மொத்தத் தொகையைக் கூட்டுவதும் கூட்டாமல் விடுவதும் அவரவர் குடும்ப சூழ்நிலையைப் பொறுத்தது.

டார்ச் அடித்துப் பார்ப்பது

சென்னையில் லென்ஸ் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி திருடன் இல்லை, ஃபங்கஸ். எங்கள் வீடு மயிலாப்பூரில். கடற்காற்று ஜன்னல் வழியாக வந்துபோகும். ஐப்பசி கார்த்திகையில் துணியே காயாது, லென்ஸ் எப்படிக் காயும்? 2021 நவம்பர் மழையில் நனைந்த பையை, மேலே துடைத்துவிட்டு 55-200 எம்.எம். ஜூம் லென்ஸோடு அப்படியே மர அலமாரியில் வைத்தேன். பொங்கலுக்கு எடுத்தபோது கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி நூல் மாதிரி ஓரத்திலிருந்து கிளை விட்டிருந்தது. சர்வீஸில் பிரித்துத் துடைத்தார்கள். பூஞ்சை போனது, ஆனால் அது கண்ணாடியின் கோட்டிங்கை அரித்த தடம் போகவில்லை. வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் இன்றைக்கும் படம் வெளிறித்தான் வரும்.

அதனால் ஒவ்வொரு லென்ஸையும் இப்படிப் பாருங்கள். முன் மூடி, பின் மூடி இரண்டையும் கழற்றுங்கள். அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையம் இருக்கிற லென்ஸ் என்றால் முழுக்கத் திறந்துகொள்ளுங்கள். வளையம் இல்லாத நிக்கான் ஜி வகை லென்ஸில் பின்னால் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதை மெல்லத் தள்ளினால் துளையை மூடியிருக்கும் இலைகள் திறக்கும். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராக அடித்தால் கண்தான் கூசும், ஒன்றும் தெரியாது. புள்ளி புள்ளியாகத் தெரிவது தூசி, அதை விட்டுவிடுங்கள். எந்த லென்ஸிலும் தூசி இருக்கும், படத்தில் வராது. நூல் மாதிரியோ நட்சத்திரம் மாதிரியோ கிளைத்திருந்தால் ஃபங்கஸ். கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்த மாதிரி இருந்தால் ஹேஸ். அபெர்ச்சர் இலைகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அவை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

ஃபங்கஸ் வந்த லென்ஸைத் தனியாக வையுங்கள். வெயிலில் வைத்தால் செத்துவிடும் என்பார்கள். கண்ணாடி தடுத்தது போக உள்ளே சேரும் புற ஊதாக் கதிர் கொஞ்சம்தான், அதை நம்ப முடியாது. அதோடு திறந்த லென்ஸை மொட்டை மாடியில் வைப்பது பூதக்கண்ணாடியை வைப்பதற்குச் சமம். பக்கத்தில் காயப்போட்ட துணி பற்றிக்கொள்ளலாம்.

வராமல் தடுப்பது சுலபம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ரப்பர் வளையம் இருக்கிற மளிகை டப்பாவே போதும். உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஒரு துணிப் பையில் சிலிக்கா ஜெல். மீட்டர் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டித் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 30க்குக் கீழே ரொம்ப நாள் இருந்தாலும் ரப்பருக்கும் உள்ளே போட்ட கிரீஸுக்கும் நல்லதில்லை. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஓவன் இல்லாதவர்கள் பழைய வாணலியில் சிறு தீயில் வறுக்கலாம். அந்த வாணலியில் அப்புறம் சமைக்கக் கூடாது. ஜெல்லுக்குப் பதில் அரிசி போடச் சொல்லும் அறிவாளிகள் இருக்கிறார்கள். அரிசி மாவு லென்ஸ் வளையத்துக்குள் போனால் எடுக்கச் சர்வீஸ்காரரால்தான் முடியும். அந்துருண்டையும் வேண்டாம்.

இன்னொன்று. ஏ.சி. அறையில் இரவெல்லாம் குளிர்ந்த லென்ஸை விடிகாலையில் மெரினாவில் திறந்தால் உடனே வேர்க்கும். துடைக்கத் துடைக்க வேர்க்கும். கிளம்புவதற்கு முந்தின இரவே பையை ஹாலில் வைத்துவிடுங்கள்.

எது ஓடுகிறது, எது தூங்குகிறது

இதுதான் ஸ்டாக் எடுப்பதன் உயிர். குடோனில் சரக்கை வேகமாக நகர்வது, மெதுவாக நகர்வது, டெட் ஸ்டாக் என்று பிரிப்போம். லென்ஸுக்கு இதைச் செய்வது அதைவிடச் சுலபம். எந்த லென்ஸில், எத்தனை எம்.எம்.மில், என்றைக்கு எடுத்தது என்பது ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருக்கிறது. படங்களை அடுக்கி வைக்கும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருள் வைத்திருந்தால் லைப்ரரியில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்து, ஒரு பத்தியில் லென்ஸைத் தேர்ந்தெடுங்கள். எந்த லென்ஸுக்கு எத்தனை படம் என்று வரிசையாக வந்து நிற்கும். இலவசமாக வேண்டுமென்றால் டிஜிகேம் இருக்கிறது. பழைய மேனுவல் லென்ஸ்கள் மட்டும் தங்கள் பெயரைப் பதிவு செய்யாது. பெயரில்லாமல் நிற்கும் படங்கள் அவற்றுடையவை.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வேடந்தாங்கலில் ஒரு நாரை இறங்குவதற்குள் நாற்பது படம் எடுத்துவிடுவோம். எத்தனை தனித்தனி நாட்களில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். அப்புறம் பிரிண்ட் போட்டது, யாருக்காவது அனுப்பியது, சுவரில் மாட்டியது, இவை எந்த லென்ஸுடையவை என்று தனியாக எண்ணுங்கள்.

என் கணக்கு இப்படி வந்தது. மூன்று வருடத்தில் பிரிண்ட் போட்ட 62 படங்களில் 41, நான் மலிவாக வாங்கிய 35 எம்.எம். எஃப்/1.8 லென்ஸில் எடுத்தவை. அறுபத்துமூவர் கூட்டம், அம்மாவின் சதாபிஷேகம், லஸ் முனை மழை எல்லாமே அதுதான். என் கேமராவில் இருப்பது சின்ன சென்சார், பழைய ஃபிலிமின் அளவு அதைவிட 1.5 மடங்கு. ஆகவே 35 என்பது ஏறக்குறைய பழைய ஃபிலிம் கேமராவின் 50 எம்.எம். பார்வை. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான், வாழ்நாளில் பெரும்பாலும் 50 எம்.எம். ஒன்றோடே வேலை செய்தவர். அதைப் படித்திருந்தும் 11 வாங்கினேன் பாருங்கள்.

அடுத்து 200-500 எம்.எம். ஜூம். கடன் அட்டையில் தவணை போட்டு வாங்கியது. எடை 2.3 கிலோ. மதுராந்தகத்தில் பஸ் மாறி வேடந்தாங்கல் போகிறவன் தோளில் 2.3 கிலோ என்றால் என்ன என்பதை வாங்கும்போது யோசிக்கவில்லை. அதை எடுத்துப்போன நாட்கள் மொத்தம் ஐந்து. படத்துக்குக் குறையில்லை. என் முதுகுக்குத்தான் குறை.

கொடுப்பது

ஒரு வருடத்தில் மூன்று நாளுக்குக் குறைவாக வெளியே போன லென்ஸைத் தனிப் பெட்டியில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, மேலே பரணில் வையுங்கள். நான்கு மாதத்தில் பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம். இந்த வழியில் 200-500, ஒரு 50, இன்னொரு ஜூம் மூன்றும் போயின. ஃபங்கஸ் தடம் இருந்த 55-200ஐ, குறையைச் சொல்லி, டார்ச் அடித்துக் காட்டி, பாதி விலைக்குக் கொடுத்தேன். மறைத்து விற்காதீர்கள். எனக்கு ஒருவர் மறைத்து விற்றிருக்கிறார், அந்த எரிச்சல் எப்படியிருக்கும் என்று தெரியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 எம்.எம். எஃப்/2. ஜெர்மனியின் சைஸ் பயோடார் என்ற லென்ஸைப் பார்த்துச் செய்தது. ஆளுக்குப் பின்னால் மரத்து இலைகள் இருந்தால் அவை ஆளைச் சுற்றிச் சுழல்வது போல் மங்கலாக வரும். கணக்குப்படி அது டெட் ஸ்டாக்தான். ஆனால் அந்த ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் சுகத்துக்கு நோட்டில் பத்தி இல்லை.

அடுத்ததை வாங்கும் முன்

வாங்கவே கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

மாட்டினால் முழுதாக வேலை செய்யுமா? என் முதல் கேமரா நிக்கான் டி5200. அதற்குப் பழைய கடை ஒன்றில் 50 எம்.எம். எஃப்/1.8டி வாங்கினேன். அழகாக மாட்டியது, ஃபோகஸ்தான் ஆகவில்லை. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவின் மோட்டார்தான் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு மோட்டார் உள்ள 50 எம்.எம். ஜி லென்ஸ் வாங்கினேன். ஆக இரண்டு ஐம்பது.

ஹீலியோஸிலும் இதே கதை. அது எம்42 திருகு மவுண்ட், அதாவது கேமராவில் திருகி மாட்டும் வகை. லென்ஸின் மவுண்டிலிருந்து சென்சார் வரை 45.46 மி.மீ. தூரம் வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் அதிகம், அவ்வளவுதான். உள்ளே லென்ஸ் கண்ணாடி இல்லாத வெறும் அடாப்டர் போட்டால் பக்கத்தில் இருக்கும் பூ துல்லியமாக வரும், கபாலீசுவரர் கோபுரம் ஒருநாளும் ஃபோகஸ் ஆகாது. இன்று வைத்திருக்கும் நிக்கான் இசட்50, உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பிரதிபலிப்பான் இல்லாத மிரர்லெஸ் கேமரா, தூரம் 16 மி.மீ. மட்டும். மிச்சத்தை அடாப்டர் நிரப்பிக்கொள்கிறது, கோபுரமும் வருகிறது. பழைய லென்ஸ் ஆசை இருப்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள்.

இருப்பதை வைத்தே ஆகாதா? 35இல் எடுத்ததை 50இன் கோணத்துக்கு வெட்டினால் என் 20.9 மெகாபிக்சலில் 10 மிஞ்சும். ஏ4 தாளில் அச்சிட அது தாராளம். பூச்சி எடுக்க மேக்ரோ லென்ஸுக்கு முன் ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கிப் பாருங்கள். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய் அது. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும், அதனால் கிட்டே போய் எடுக்கலாம். மூன்று மாதம் கழித்தும் பூச்சி மேல் ஆசை இருந்தால் மேக்ரோ வாங்குங்கள்.

எந்தப் படம் கைவிட்டுப் போயிற்று? நோட்டின் கடைசிப் பக்கத்தில் எடுக்க முடியாமல் போன படங்களை எழுதி வையுங்கள். "மண்டபத்துக்குள் வெளிச்சம் போதவில்லை", "தேர் முழுசாக ஃபிரேமில் அடங்கவில்லை" இந்த மாதிரி. ஒரே காரணம் மூன்று தடவை வந்தால், அந்த லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். அதற்கப்புறம் வாங்கினால் பரணுக்குப் போகாது. என் 11-16 எம்.எம். டோக்கினா அகலக்கோண லென்ஸ் இப்படி வந்ததுதான், தேர் விஷயத்தில். 200-500ஐயும் வாடகைக்கு எடுத்திருந்தால் முதல் நாள் மாலையே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நோட்டில் காலியாக விட்ட அந்தக் கடைசிப் பத்தி 'யாரிடம்' என்பதற்காக. ஆண்டுக்கு ஒருமுறை, நான் பழக்க தோஷத்தில் மார்ச் 31 அன்று, சீரியல் நம்பரைப் பார்த்து டிக் அடிக்கிறேன். போலீஸில் புகார் கொடுக்கவோ இன்ஷூரன்ஸ் கேட்கவோ நேர்ந்தால் அந்த நம்பர்தான் கேட்பார்கள். இந்த வருடம் நோட்டில் ஏழு இருந்தது, டப்பாவில் ஆறுதான். மீட்டரைப் பார்த்தேன், அலமாரியைத் துழாவினேன், கேமராப் பையைக் கவிழ்த்தேன். மனைவிதான் சொன்னாள்: "35ஐ உங்க அக்கா பையன் கல்யாண வீட்டுக்கு வாங்கிட்டுப் போனான்ல?" பத்தியில் பென்சிலால் அவன் பெயரை எழுதி, தேதியையும் போட்டேன்.