எல்லையோர ஊர்க்காரர்கள் நூலகத்தில் குடும்ப வரலாறு தேடுவது எப்படி?

குடும்ப வரலாறு தேடி நூலகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத்தான் தேடுகிறார்கள். குமரி மாவட்டம், செங்கோட்டை, பாலக்காடு, சித்தூர் பக்கத்துக்காரர்களுக்கு அது சரிவராது. அவர் வாழ்ந்த காலத்தில் உங்கள் ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.

1. வீட்டிலிருந்து தொடங்குங்கள்

பழைய நிலப் பத்திரம், தீர்வை ரசீது, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதி வைத்த பிறந்தநாள்கள் என எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உங்களிலிருந்து அப்பா, தாத்தா என்று பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், வீட்டுப்பெயர், ஊர், ஏறத்தாழ வருஷம், இந்த நான்கு போதும். வீட்டுப்பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருந்திருப்பார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது வீட்டுப்பெயர்தான்.

2. கொல்லம் ஆண்டை மாற்றுங்கள்

திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. அதை ஆங்கில ஆண்டாக மாற்ற வேண்டும். சிங்ஙம் (நம் ஆவணி) முதல் மார்கழி பாதி வரை என்றால் 824 கூட்டுங்கள். அதன் பிறகு ஆடி முடியும்வரை 825. உதாரணத்துக்கு, திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1112 துலாம் 27. துலாம் என்பது ஐப்பசி, ஆகவே 824 கூட்டினால் 1936. அது நவம்பர் 12-ஆம் தேதி.

பெரியவர்கள் வருஷம் சொல்லமாட்டார்கள், "தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முன்னாடி" என்பார்கள். அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. மூணாறு பக்கம் தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களில் இந்தப் பேச்சு வந்தால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மூணாறையே புரட்டிப் போட்ட வெள்ளம் அது.

3. ஊர் யாருடையது என்று பாருங்கள்

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. செங்கோட்டையும் அப்படியே, அன்றுதான் அது திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1956-க்கு முந்திய தகவலைத் 'தமிழ்நாடு' என்ற தலைப்பில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

பாலக்காட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாலக்காடு மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டம். பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் கொச்சி ராஜ்ஜியம். சம்பந்திகள் இரண்டு பேர் ஐந்தாறு கல் தூரத்தில் இருந்திருப்பார்கள், அவர்களுடைய காகிதங்கள் வேறு வேறு அரசாங்கத்தில் கிடக்கும். பட்டியலில் 'சித்தூர்' என்று பார்த்ததும் புத்தகத்தைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள், அது ஆந்திரத்துச் சித்தூராக இருக்கலாம். அந்த மாவட்டம் உருவானதே 1911-இல்தான். அதற்கு முந்தையதை வட ஆற்காடு மாவட்ட நூல்களில் தேட வேண்டும். 1960-இல் சென்னை மாநிலத்துக்கு வந்த திருத்தணிக்கும் இதே வழிதான்.

4. நூலகத்தில் என்ன கேட்பது?

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் தொடங்குங்கள். அங்கே கிடைக்காததற்குத் திருவனந்தபுரம் ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி. 1829-இல் தொடங்கிய பழைய நூலகம் அது. நேராக ரெஃபரன்ஸ் பகுதிக்குப் போய், "எங்க ஊர் வரலாறு வேணும்" என்று பொதுவாகக் கேட்காமல் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் இரண்டு 'திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்'கள் (நாட்டைப் பற்றிய விவரக் கையேடுகள்): நாகம் ஐயா எழுதி 1906-இல் வந்தது, டி.கே. வேலுப்பிள்ளை எழுதி 1940-இல் வந்தது. இரண்டும் ஆங்கிலம். ஊர்ப்பெயர்களை அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தோவாளை 'தோவாளா' என்றும், கன்னியாகுமரி 'கேப் கோமரின்' என்றும் இருக்கும். கல்குளத்துக்காரர்கள் இரணியல் தாலுகாவையும் பார்க்க வேண்டும், அன்று அது தனித் தாலுகா. மலபாருக்கு லோகன் எழுதிய மேனுவல் (1887), கொச்சிக்கு அச்சுத மேனன் எழுதியது (1911).

நான் மிகவும் சிபாரிசு செய்வது ஸ்ரீமூலம் பிரஜா சபை நடவடிக்கைகள். 1904-இல் தொடங்கிய இந்தச் சபையில் ஒவ்வொரு தாலுகாவின் பிரதிநிதியும் எழுந்து, குளம் தூர்ந்துவிட்டது, சாலை இல்லை, பள்ளிக்கூடம் வேண்டும் என்று முறையிட்டிருக்கிறார்கள். பேசியவர் பெயரோடு அச்சாகியிருக்கிறது. மேனுவல்களில் மகாராஜாதான் அதிகம் வருவார், இங்கே உங்கள் ஊர்க் குளம் வரும்.

சென்சஸ் அறிக்கைகளையும் புரட்டுங்கள். திருவிதாங்கூரில் 1875-லேயே கணக்கெடுத்தார்கள். ஆனால் அதில் ஆள் பெயர் தேடாதீர்கள். அச்சானது மக்கள்தொகை, சாதி, மொழி, தொழில் என்று எண்ணிக்கைகள் மட்டும்தான்.

குமரிப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்க நடந்த எல்லைப் போராட்டக் காலத்துக்குப் பழைய நாளிதழ்கள் உதவும். 'தினமலர்' 1951-இல் தொடங்கியது திருவனந்தபுரத்தில்தான். அந்தப் போராட்டத்தில் நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டை ஒட்டிய வாரங்களின் இதழ்களைக் கேட்டுப் பாருங்கள்.

5. குறிப்பெடுப்பது

புத்தகம், தொகுதி, பக்கம், வருஷம். இந்த நான்கையும் முதலில் எழுதிவிட்டுத்தான் செய்தியை எழுத வேண்டும். பென்சில் நல்லது. போட்டோ எடுக்கும்முன் கேளுங்கள். எடுத்தால் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

6. அப்புறம் பெயருக்கு வாருங்கள்

நூலகத்தில் ஊரும் காலமும் கிடைக்கும். ஆளின் பெயர் இருப்பது பெரும்பாலும் வெளியே: சார்பதிவாளர் அலுவலகம், சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. குமரிப் பக்கத்து மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்டோப் வந்தது 1806-இல் என்பதால், பழைய மிஷன் சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள் சர்ச்சில் கேட்பது வீண்போகாது. பத்திரம் மலையாளத்தில் இருந்தால், அச்சு மலையாளம் படிப்பவர் போதாது. பழைய ஆதாரம் எழுத்தர் (பத்திரம் எழுதுபவர்) ஒருவரைப் பிடியுங்கள். நிலத்தின் எல்லைகளைச் சொல்லும் வரிகளைத் தனியாக வாசித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்கள் அங்கேதான் வரும், அவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்.