ஃபுல் ஃப்ரேமிலிருந்து மீடியம் ஃபார்மட்டுக்கு மாறும் முன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு கேட்டலாக் எடுக்கிறவர், கோவையில் நகைக்கடை வேலை பார்க்கிறவர் என்றால் மீடியம் ஃபார்மட் கேமராவுக்கு மாறுவதைத் தாராளமாக யோசிக்கலாம். கல்யாணம்தான் பிழைப்பு என்றால், தாலி கட்டும் நேரத்தில் வேகம்தான் முக்கியம், ஃபுல் ஃப்ரேமே போதுங்க.

முதலில் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு. ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24 மி.மீ.; மீடியம் ஃபார்மட் கேமராக்களான ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ்2டி இரண்டும் ஏறக்குறைய 44க்கு 33, பரப்பில் சுமார் 1.7 மடங்கு. பின்னணி மங்கலுக்காக மட்டும் மாறுவதென்றால் வேண்டாம், ஃபுல் ஃப்ரேமில் எஃப் 1.2 போல அகலமாகத் திறக்கும் லென்ஸ் போட்டாலே அது கிடைத்துவிடும்.

அப்புறம் ஃபிளாஷ், இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. ஜிஎஃப்எக்ஸில் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/125 நொடிதான். ஹாசல்பிளாடில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் லென்ஸைப் பொறுத்து 1/2000 அல்லது 1/4000 வரை போகலாம், பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் உச்சி வெயிலில் மாடலை நிறுத்தி வானத்தை இருட்டாக்கி எடுக்க அது பெரிய வசதி. ஸ்டுடியோவுக்குள் மட்டும் வேலை என்றால் 125 போதும்.

பழைய 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் கேமரா பாடி செகண்ட் ஹேண்டில் மலிவு. ஆனால் ஃபோகஸ் மெதுவு, துணியின் நெசவில் மோயர் என்கிற பொய்யான அலைக்கோடும் விழும், 100 மெகாபிக்சலில் அது குறைவு. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நெருக்கமாகப் பின்னிய டி-ஷர்ட் ஒன்றைக் கிட்டேயும் தள்ளியும் வைத்து எடுத்து, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, நூல் மேல் வானவில் நிறத்தில் அலை ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல், சுருக்காமல் வைத்தால் ஒன்றே 200 எம்பி வரும். கம்ப்யூட்டருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.