பழைய காரின் பெட்ரோல் பம்பை மாற்றும் முறை

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ், குறைந்தது 35 ஆண்டுகள் பழமையான கார்களை ஆண்டுக்கு 45 நாள்கள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். மற்ற நாள்களில் நின்ற இடத்திலேயே நிற்கும் இத்தகைய கார்களில், எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் எனும் வளையும் சவ்வு காய்ந்து விறைத்து, கடைசியில் கிழிந்துபோகிறது.

இந்தப் பம்பில் மின்சாரத்திற்கு வேலையில்லை. எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டில் உள்ள மையம் விலகிய வட்டு பம்பின் நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் டயஃப்ரத்தை இழுத்துத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. பிறகு உள்ளிருக்கும் ஸ்பிரிங் டயஃப்ரத்தைத் திருப்பித் தள்ளி, பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. அழுத்தத்தை நிர்ணயிப்பது அந்த ஸ்பிரிங்தான். பல கார்களில் அது சதுர அங்குலத்திற்கு 3 முதல் 5 பவுண்டு வரை இருக்கும்.

பம்பைக் கழற்றுவதற்கு முன், கோளாறு அதில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நண்பகல் நெரிசலில் நின்றுபோய், எஞ்சின் ஆறியதும் மறுபடி கிளம்பும் காரில், சூட்டினால் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். நம் ஊர் வெயிலில் இதைப் பம்பின் கோளாறு என்று எண்ணிப் பணத்தை வீணாக்குவோர் பலர். அடைபட்ட ஃபில்டரும் தொட்டிக்கும் பம்புக்கும் இடையே வெடித்துக் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாயும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும். எஞ்சின் ஆறியபின், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் இணைப்பைத் துண்டித்து, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரை இயக்கினால், நல்ல பம்ப் விட்டு விட்டு வேகமாகப் பீய்ச்சும். அத்துடன் எண்ணெய் அளவுகோலையும் இழுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் மட்டம் உயர்ந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், கிழிந்த டயஃப்ரத்தின் வழியாகப் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கக்கூடும். அந்த எண்ணெயுடன் காரை ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்துவிடும்.

காற்றோட்டமில்லாத அடுக்குமாடி கார்ப்பேட்டை இந்த வேலைக்கு ஏற்ற இடமன்று. சின் மிங், காக்கி புக்கிட் போன்ற இடங்களில் தெரிந்த பட்டறை ஒன்றில் இடம் கேட்பதே நல்லது. எஞ்சின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பு கழற்றப்பட்டிருக்க வேண்டும். தூள் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

குழாய்களைக் கழற்றும்போது, தொட்டியிலிருந்து வருவது எது, கார்புரேட்டருக்குச் செல்வது எது என்று அடையாளமிடுங்கள். வோக்ஸ்வாகன் பீட்டிலைப் போலத் தொட்டி பம்பைவிட உயரத்தில் இருந்தால், குழாயைக் கழற்றியதுமே பெட்ரோல் தானாக வழியும். அதை அடைக்கப் பொருத்தமான போல்ட் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இரும்புக் குழாயாக இருந்தால், ஒரு ஸ்பேனரால் பம்பின் இணைப்பைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளாது.

பம்பின் இரு போல்ட்டுகளையும் சில சுற்றுகள் தளர்த்திவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு குறையும் நிலையில் வட்டின் தாழ்ந்த பக்கம் நெம்புகோலை நோக்கியிருக்கும். அங்கேயே நிறுத்திப் பம்பை வெளியே எடுங்கள். உடனே ஒரு துணியால் துவாரத்தை அடைத்துவிட்டுப் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுங்கள். சுரண்டிய துகள் உள்ளே விழக் கூடாது.

அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான். பழைய பம்பையும் புதியதையும் அருகருகே வைத்து, நெம்புகோலின் நீளம், வளைவு, குழாய்முனைகளின் திசை ஆகியவற்றை ஒப்பிடுங்கள்; பெட்டியின்மேல் உங்கள் காரின் பெயர் அச்சிடப்பட்டிருப்பது மட்டும் போதாது. பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள தடித்த தகடு சூட்டைத் தடுப்பதோடு, நெம்புகோல் எவ்வளவு நகர வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. அதை விட்டுவிட்டால் நெம்புகோல் அளவுக்கு மீறித் தள்ளப்பட்டு உடையும். தேவைக்கு மேல் தடிமன் கூட்டினால் பெட்ரோல் போதாது. நெம்புகோலைத் தள்ளுதண்டு ஒன்று இயக்கும் பீட்டிலில், தண்டு உச்சநிலையில் கேஸ்கெட்டுக்கு வெளியே 13 மில்லிமீட்டர் நீட்டியிருக்கும்படி கேஸ்கெட்டுகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

துணியை எடுத்துவிட்டு, நெம்புகோலின் முனையில் எஞ்சின் எண்ணெய் தடவி, பழைய பம்பின் தேய்மானத் தடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதே பக்கம் வட்டின்மீது படியும்படி உள்ளே செலுத்துங்கள். சரியாக அமர்ந்தால், கையால் அழுத்தும்போதே பம்ப் எஞ்சினோடு ஏறக்குறைய ஒட்டிவிடும். போல்ட்டை இறுக்கித்தான் இழுக்க முடியும் என்றால், நெம்புகோல் வட்டின் தவறான பக்கம் போயிருக்கலாம்; கழற்றி மறுபடி முயலுங்கள். இரு போல்ட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பம்பின் உடல் மென்மையான உலோகம் என்பதால் ஒரே பக்கம் இறுக்கினால் விளிம்பு வெடிக்கும்.

ரப்பர் குழாய்களையும் இப்போதே புதிதாக்கிவிடுங்கள். பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட குழாயாக இருக்கட்டும். எண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தால், எஞ்சினை இயக்குவதற்கு முன்பே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய பேட்டரி, காயில் இணைப்புகளை மீண்டும் பொருத்தி, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடிகளாக, இடையே ஓய்வு கொடுத்து இயக்கினால் காலியான கார்புரேட்டர் நிரம்பிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வோர் இணைப்பையும் விளக்கடித்துப் பாருங்கள். சூடேறி ஆறியபின் போல்ட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

வடித்த பெட்ரோலையும் எண்ணெயையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இத்தீவின் மழைநீர்க் கால்வாய்களில் பெரும்பாலானவை நீர்த்தேக்கங்களில்தான் சேர்கின்றன. கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையிடம் ஒப்படையுங்கள். பழைய பம்ப் திருகாணிகளால் மூடப்பட்ட வகையாக இருந்தால் அதை எறிய வேண்டாம். புது டயஃப்ரமும் வால்வுகளும் கிடைக்கும் நாளில் அதைச் செப்பனிட்டு மறுபடியும் பொருத்தலாம்.