பத்து மணிக்கு வந்த சேவல்

பென்சில்வேனியாவில் வசந்த கால வான்கோழி வேட்டை. முதல் இரண்டு வாரம் நண்பகல் 12 மணியோடு நிறுத்திவிட வேண்டும். அந்த அவசரம்தான் மூன்று வருடம் என்னைக் கெடுத்தது. விடியுமுன் மரத்தில் சேவல் கத்தும், நான் கையடக்கச் சிலேட் வட்டைக் குச்சியால் தேய்த்துப் பெட்டைக் குரல் கொடுப்பேன், பதிலும் வரும். தரையில் இறங்கியதும் கப்சிப். ஏழரைக்கு எரிச்சலோடு எழுவேன். பக்கத்திலேயே நின்ற சேவல் படபடவெனச் சிறகடித்து ஓடும்! அதன் கண் அவ்வளவு கூர்மை.

போன வருடம் ஓக் மரத்தடியில் தடித்த மெத்தை போட்டு உட்கார்ந்தேன். பாதி எரிச்சல் இடுப்பில்தான் இருந்திருக்கிறது. சுற்றிலும் நிஜப் பெட்டைகள் இருக்கும்போது என் சிலேட்டை எந்தச் சேவல் சீண்டும்? அவை முட்டையிடப் போனால்தான் அது தனியாகும். சரி, அதுவரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல மூன்று தேய்ப்பு, அவ்வளவுதான். நடுவில் ஒரு உண்ணி மணிக்கட்டில் ஏறியது. ஊதிப் பார்த்தேன், போகவில்லை, விட்டுவிட்டேன்.

பத்து மணி தாண்டியதும் சருகு சரசரத்தது. ஒரு சத்தமும் போடாமல் வந்து நின்றது: வெளிறிய தலை, சிவந்த கழுத்து, மார்பில் தொங்கும் தாடி.

சுட்ட பிறகு உடனே எழ முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது.